இரண்டு ஈயக் கொட்டகைகளும் ஓர் ஆயுதக் குறைப்பும்

1

நான் மருத்துவன் இல்லை. இதை முதல் வரியிலேயே அச்சில் ஏற்றிவிட வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய ஊரில் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது என் உத்தியோகம். அந்த அட்டவணைப்படி பேருந்து வந்துவிட்டதாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. ஆனால் ராசிபுரம் பக்கத்தில் என் சொந்தபந்தங்களில் பாதிப்பேர் என்னை டாக்டர் என்று நம்புகிறார்கள். காரணம் ஒரு வெள்ளைக் கோட்டு.

டாக்டர் என் மனைவி மலர்விழி. ஓமலூர்க்காரி, குழந்தை மருத்துவர். அணு ஆயுதங்களை ஒழிக்க வேண்டும் என்று சொல்லும் மருத்துவர்கள் சிலர் இங்கே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கடைவீதி முனையில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பதாகை பிடித்து நிற்பார்கள். மலரும் நிற்பாள். நான் காருக்குள் உட்கார்ந்து வறுத்த கடலை தின்பேன். அந்த இயக்கத்துக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை நல்ல மழை. வந்தவர்கள் குறைவு. பதாகையின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை. மலர் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டி, தன்னிடமிருந்த இன்னொரு கோட்டை என் மேல் மாட்டிவிட்டாள். அன்றைக்குப் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படமெடுக்க வந்தார். "மருத்துவர்கள் எதிர்ப்பு" என்ற தலைப்பின் கீழே, பட்டன் பூட்ட முடியாத பெண்கள் கோட்டில், அணுகுண்டை எதிர்த்து வயிற்றை எக்கிக்கொண்டு நான்.

எங்கள் மகள் அதைக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டாள். அக்காவின் கணவர் பழனிசாமி மச்சான் அதை எடுத்து, "எங்க மாப்ள டாக்டர், வல்லரசுகளுக்கு எச்சரிக்கை" என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பினார். வாழ்த்துகள் வந்தன. மல்லசமுத்திரத்திலிருந்து தூரத்து உறவுக்காரர் ஒருவர், சாப்பிட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ உருளுகிறது என்று எழுதிக் கேட்டார்.

நான் செய்த மூடத்தனம் கோட்டுப் போட்டது அல்ல. அவருக்குப் பதில் எழுதியது. "ராத்திரியில் காரம் குறையுங்கள், வெந்நீர் குடியுங்கள்" என்று எழுதினேன். மறுநாள் அவர் குணமாகிவிட்டார். அப்புறம் மறுப்பது எப்படி?

2

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் ஆறாம் தேதி, ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்காக அந்தக் குழுவினர் இங்கே ஆற்றில் காகித விளக்குகள் மிதக்கவிடுகிறார்கள். அதற்கு நகராட்சி அனுமதி வேண்டும். மெழுகுவர்த்தியால் ஏற்படக்கூடிய தீ அபாயம் என்ன, காற்று மாறி வீசினால் யார் பொறுப்பு, வாத்துகள் விளக்கைத் தின்றுவிட்டால் என்ன ஏற்பாடு என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொஞ்ச தூரம் கார் ஓட்டிப் போனால் கடலுக்கடியில் குண்டு சுமக்கும் கப்பல்கள் நிற்கும் துறைமுகம். அவற்றின் தீ அபாயத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று நகராட்சிப் பெண்மணியிடம் கேட்டேன். அது வேறு துறை என்றார், மிகவும் கனிவாக.

விளக்கு விடுமுன் யாராவது ஒரு மருத்துவர் சில நிமிடம் பேசுவார். எல்லா ஆண்டும் சாரம் ஒன்றுதான். குண்டு விழுந்த ஊரில் ஆஸ்பத்திரியும் இருக்காது, டாக்டரும் இருக்கமாட்டார், தீக்காயத்துக்குப் பஞ்சுகூட இருக்காது. இந்த நோய்க்கு வைத்தியம் கிடையாது, வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி. ஆகவே இது மருத்துவர்களின் வேலை. மலர் இதையே கொஞ்சம் நீட்டுவாள். புகை, குடிதண்ணீர், மண்ணில் கலந்த விஷம் எல்லாமே அப்படித்தான், ஆளுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அவரை அதே இடத்துக்குத் திருப்பி அனுப்புவது வைத்தியம் ஆகாது என்பாள். நான் ஓர் ஓரமாக நின்று தலையாட்டுவேன். மற்றவர்களின் கொள்கைக்குத் தலையாட்டுவது உடம்புக்கு நல்ல பயிற்சி.

எங்கள் மகள் கயலுக்கு இப்போது பதினேழு வயது. இந்த விளக்கு, பதாகை எதற்கும் வருவதில்லை. "நீங்க ரெண்டு பேரும் நின்னா அவங்க பயந்துருவாங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். தமிழ் பேசுவாள், அளவாக. கடைசியில் "ங்க" சேர்த்தால் மரியாதை என்று அவள் அம்மா சின்ன வயதில் சொல்லிக் கொடுத்ததை உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சென்ற தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா வீட்டு நாயைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, கடிக்காதீங்க" என்றாள். யாருக்கும் அடங்காத அந்த நாய் உட்கார்ந்தது. "நம்மூர்ல நாய்க்கே மருவாதி தெரீது பாருங்க" என்றார் மச்சான், பூரித்துப்போய்.

நான் சொல்ல வந்த விஷயம் அந்தத் தை மாதத்துப் பயணத்தில்தான் நடந்தது.

3

அக்கா வீடு ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, பெரிய ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி. மகனும் மருமகளும் திருச்செங்கோட்டில் வேலைக்குப் போய் வருகிறார்கள். பகலெல்லாம் பேத்தி தன்யா அக்காவிடம். நாலு வயது. முந்தைய பயணத்தில் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பிள்ளை, இந்தத் தடவை அக்கா மடியைவிட்டு இறங்கவில்லை. வெளுத்திருந்தாள். வயிறு வலி என்று அடிக்கடி அழுதாள்.

"பூச்சியா இருக்குமுங்க. மருந்து குடுத்திருக்குது" என்றார் மச்சான்.

மலர் குழந்தையின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கைப் பார்த்தாள். எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனாள். நானும் போனேன். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை.

மச்சான் முன்பு லாரி ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காமல் போனபின், நாமக்கல் பட்டறைகளிலிருந்து பழைய லாரி பேட்டரிகளை வாங்கி வந்து உடைத்து, உள்ளேயிருக்கும் ஈயத்தகடுகளை உருக்கிக் கட்டியாக்கி விற்கிறார். உலை, கரி, உலைக்குக் காற்று ஊதும் புளோயர் மோட்டார், அவ்வளவுதான் முதலீடு. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். மச்சான் ஏதோ பேட்டரித் தொழில் செய்கிறார் என்று இங்குள்ள நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அவர்கள் மின்சாரக் கார் பேட்டரி என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

கொட்டகைத் தரையிலிருந்து சமையல்கட்டு வாசல்வரை மண் சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்த மண்ணில் ஒரு பொம்மை கார் கிடந்தது. மலர் அதைக் குனிந்து எடுத்தாள். கர்ச்சீப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க கர்ச்சீப் கறுத்தது.

வீட்டோரம் போகும் வண்டித் தடத்துக்கு அந்தப் பக்கம் இதேபோல் இன்னொரு கொட்டகை, இன்னொரு உலை. அது மச்சானின் பெரியப்பா மகன் செல்வராசுவுடையது. இரண்டு பேரும் ஒரு தடத் தகராறில் பேச்சை நிறுத்தியவர்கள். அந்த வீட்டிலும் ஒரு பேத்தி, மித்ரா. அவளும் தன்யாவும் இரண்டு கொட்டகைக்கும் நடுவில் உள்ள வேப்பமரத்தடியில்தான் விளையாடுவார்கள்.

மறுநாள் தன்யாவைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க மலர் ஏற்பாடு செய்தாள். கார் தடம் திரும்பும் இடத்தில் செல்வராசுவின் மனைவி கண்ணம்மா மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவளுக்கும் எடுத்துருங்க அம்மிணி. எங்கூட்டுக்காரர்கிட்ட ஜவுளி எடுக்கப் போறேன்னு சொல்லியிருக்கறேன்."

4

முடிவு வந்தது. அந்தத் தாளில் இருந்த எண்கள் எனக்கு விளங்கவில்லை. மலர் அதைப் படித்துவிட்டு மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். இரண்டு குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம், இருக்கக்கூடாத அளவுக்கு.

அன்று மாலை மச்சானை உட்கார வைத்துப் பேசினாள்.

"அண்ணா, இது மூளையப் போய்ப் பிடிக்கற விஷம். புள்ளை படிக்கறது, ஞாபகம் வெச்சுக்கறது, எல்லாத்தையும் கெடுக்கும். போனது போனதுதான், அதைத் திருப்பிக் கொண்டுவர எங்கிட்ட மருந்து இல்லை. இனிமே உள்ளே போகாம தடுக்கத்தான் முடியும். உலைய நிறுத்தணும்."

மச்சான் அக்கா மடியில் கிடந்த தன்யாவைப் பார்த்தார். பேத்திமேல் உயிரையே வைத்திருப்பவர். அவள் கேட்டாள் என்று காலை ஆறு மணிக்கு ஆட்டையாம்பட்டி போய் முறுக்கு வாங்கி வந்தவர்.

"நிறுத்திடறேன் அம்மிணி. நாளைக்கே நிறுத்திடறேன். ஆனா மொதல்ல செல்வராசு நிறுத்தட்டும்."

"அவரு எதுக்கண்ணா மொதல்ல?"

"நான் நிறுத்துனா எனக்குப் பேட்டரி குடுக்கற பட்டறை ஆளுங்க பூராப் பேரும் அவங்கிட்டப் போயிருவாங்க. அப்புறம் அவன் ரெண்டு உலை வெப்பான். புகை அதே புகைதான். என்ற புள்ளைக்கு என்ன லாபம்?"

தர்க்கத்தில் ஓட்டையில்லை. சரி என்று நானும் மலரும் தடத்தைக் கடந்து செல்வராசுவிடம் போனோம். மித்ராவின் ரத்த முடிவைக் கண்ணம்மா ஏற்கெனவே சொல்லி, அழுது முடித்திருந்தாள். செல்வராசு எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்.

"டாக்டருங்க உக்காருங்க."

"அவரு டாக்டர் இல்லைங்க. பஸ்ஸுக்கு டைம் போடறவரு" என்றாள் மலர்.

"எந்த ஸ்பெசலிஸ்டா இருந்தா என்னங்க" என்று சொல்லிவிட்டு அவர் விஷயத்துக்கு வந்தார். "நான் நிறுத்தத் தயாருங்க. பழனிசாமி மொதல்ல நிறுத்தட்டும். நான் நிறுத்துன மக்யா நாளே அவன் எச்சா உருக்குவான். அவனப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? ஒண்ணா வளந்தவன்."

திரும்பி வரும்போது மலர் தடத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

"இதை நான் எங்கே கேட்டிருக்கேன் சொல்லுங்க?"

சொல்லத் தேவையில்லை. பத்து வருடமாக நாங்கள் பதாகை பிடித்து எதிர்க்கும் வாதமே இதுதான். எங்களிடம் இருப்பது தற்காப்புக்கு, அவர்கள் முதலில் கீழே வைக்கட்டும், அவர்களை எங்களுக்குத் தெரியாதா. கோட்டு சூட்டுப் போட்டு, மொழிபெயர்ப்பாளர் வைத்து, பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சொல்வதை, எங்கள் மச்சானும் அவர் பங்காளியும் லுங்கியில் சொல்லிவிட்டார்கள்.

5

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினால்? இதைச் சொன்னவன் நான். சொன்ன பிறகு, என்ன இருந்தாலும் பத்து வருடம் ஓரமாக நின்றது வீண்போகவில்லை என்று பட்டது. நிறுத்தினார்களா என்று எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்வி உடனே வந்தது. அதற்கு ஊரில் ஒரு முறை இருக்கிறது. கருப்பணார் கோயிலில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. சூடம் அடித்துச் சொன்ன சொல்லை மீறுகிற துணிச்சல் எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது. கருப்பணார் கண்காணிப்பில் இருக்கும்போது வேறு பார்வையாளர்கள் வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல், கருப்பணாரைப் பார்த்தபடி நின்றார்கள். பூசாரி கல்மேல் சூடத்தை வைத்து ஏற்றினார்.

"ம், அடிங்க" என்றார்.

"அவன் மொதல்ல அடிக்கட்டுங்க" என்றார் மச்சான்.

"மூத்தவரு மொதல்ல அடிக்கறதுதானுங்க மொறை" என்றார் செல்வராசு.

"வயசுல நான் மூணு மாசந்தான மூப்பு. பெரியப்பன் ஊட்டுப் பையன் அவன்தான். மொறைல அவன்தான் பெரியவன்."

"தடத்துக்கு மட்டும் மொறை தெரியுலையாம், சூடத்துக்குத் தெரீதாம்."

பேச்சு அங்கிருந்து தடத்துக்குப் போனது. சூடம் தானாகவே அணைந்தது. பூசாரி இன்னொன்று ஏற்றினார், அதுவும் அணைந்தது. பையிலிருந்த சூடம் தீர்ந்துபோய், என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். நான் டப்பாவோடு திரும்பி வந்தபோது தகராறு அவர்களின் அப்பாக்கள் காலத்துக் கிணற்று மேட்டை எட்டியிருந்தது. ஆனால், பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு பேர் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா அடிங்களேன்" என்றேன்.

பூசாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு சூடத்துக்கு ஒரு கைதானுங்க டாக்டரு. ரெண்டு கையி பட்டா யாரு சத்தியம்னு அவருக்கு எப்படிங்க தெரியும்?"

இருட்டிவிட்டது. ஒப்பந்தம் ஆகாமலே வீடு திரும்பினோம்.

6

வீட்டுக்குள் நுழைந்தால் நடுக்கூடத்தில் ஒரு புளோயர் மோட்டார். கோணிப்பைமேல், நன்றாகத் துடைத்து வைத்திருந்தது. பக்கத்தில் கயல் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையிலும் மசி.

மச்சான் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இது நம்முளுது இல்லையே?"

"அவங்க ஊட்டுது" என்றாள் அக்கா, தோசைக்கல்லைவிட்டுத் திரும்பாமல். "நம்முளுது அவங்க ஊட்டுல கண்ணம்மா கட்டலுக்கடியில கெடக்குது."

விஷயம் இதுதான். ஆண்கள் பேச்சை நிறுத்தியிருந்தாலும், அக்காவும் கண்ணம்மாவும் நிறுத்தவில்லை. வேலியோரமாக உறைமோர் போவதும் வருவதும் நடந்துகொண்டுதான் இருந்தது. நாங்கள் கோயிலுக்குப் போனதும் இரண்டு பேரும் கொட்டகைகளுக்குள் நுழைந்திருக்கிறார்கள். மலர் எல்லார் மூக்கையும் துணியால் கட்டிவிட்டாள். கயல் இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து நட்டுகளைக் கழற்றினாள். அக்கா தன் ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் எங்கள் மோட்டாரை வைத்து, தடத்தைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர்களுடையதை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் மோட்டார் இவன் வீட்டில், இவன் மோட்டார் அவன் வீட்டில். ஊதாமல் உலை எரியாது. அடுத்தவன் மோட்டாரை மாட்டினாலும், புதிதாக ஒன்று வாங்கி வந்தாலும் சத்தம் தடம் முழுக்கக் கேட்கும், ஏமாற்ற முடியாது.

மச்சான் மோட்டாரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தொழில் நடுக்கூடத்தில் கோணிமேல் கிடக்கிறது. அறுபதை நெருங்கும் வயது, வளைய மறுக்கும் முதுகு, இனிமேல் என்ன செய்வார்? தன்யா வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் தூக்கவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மிணி, இந்தக் கையோட புள்ளையத் தூக்கலாமுங்களா?"

"சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு, சட்டைய மாத்திட்டுத் தூக்குங்கண்ணா" என்றாள் மலர்.

அவர் கிணற்றடிக்குப் போய்க் கைகழுவிய சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

இப்போது அவர் பழைய பேட்டரிகளை உடைக்காமல் அப்படியே சேர்த்து, முறைப்படி அனுமதி வாங்கிய பெரிய ஆலைக்கு ஏற்றிவிடுகிறார். வரும்படி முன்போல் இல்லை. செல்வராசுவும் அதையே செய்கிறார். ஒரே லாரியில் ஏற்றினால் வாடகை மிச்சம் என்பதால் வாரத்தில் ஒருநாள் பேசிக்கொள்கிறார்கள். கொட்டகை மண்ணை மேலாக வெட்டி அப்புறப்படுத்துவதற்கு மலர் யார் யாருக்கோ மின்னஞ்சல் எழுதி, அது எங்கள் துறையில்லை என்ற பதிலைத் தாய்மொழியிலும் கேட்கும் பாக்கியம் பெற்றாள். கடைசியில் சேலத்து டாக்டர்கள் சிலர் சேர்ந்து மனுக்கொடுத்து, அதற்கும் ஆட்கள் வந்தார்கள். அந்த வேலை முடியும்வரை தன்யாவைத் தம்மம்பட்டியில் அவள் அம்மாவின் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அக்கா தினமும் போனில் அவளுக்கு முட்டை ஊட்டினாள். அதாவது, அந்தப் பக்கத்துப் பாட்டி ஊட்ட, இந்தப் பக்கம் அக்கா வாயைத் திறந்து காட்டினாள்.

7

இந்த ஆகஸ்ட் ஆறாம் தேதி, விளக்கு விடுமுன் பேச வேண்டியவள் மலர். அன்று வார்டில் ஒரு குழந்தையை விட்டு நகர முடியவில்லை. "நீங்களே சொல்லிடுங்க" என்று செய்தி அனுப்பினாள். கயல் என் பக்கத்தில் நின்றாள். ஆமாம், வந்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவாள்.

நான் மருத்துவன் இல்லை என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். பிறகு இரண்டு கொட்டகைகளையும் இரண்டு மோட்டார்களையும் பற்றிச் சொன்னேன். வல்லரசுகள் பல காலமாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தேடுவதை, எங்கள் ஊரில் இரண்டு பெண்கள் ஒரு ஸ்கூட்டியில் கண்டுபிடித்தார்கள் என்றேன். எதிராளியை நம்புவதற்காகக் காத்திருக்கவில்லை, நம்பாமலே நிறுத்துவதற்கு ஒரு வழி செய்தார்கள் என்றேன். ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கயல்கூடத் தன் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டாள். விளக்குகள் ஆற்றில் இறங்கின. வாத்துகள் ஒன்றும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து, இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து ஊருக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்து மச்சான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்கு மறுபடி ரத்தம் எடுத்த முடிவு முந்தின நாள்தான் வந்திருந்தது. இரண்டு பேருக்கும் இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும் என்று மலர் சொல்லியிருந்தாள். தன்யா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். பின்னால் அவள் எதற்கோ அக்காவுடன் சண்டை போடும் சத்தம் பலமாகக் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

ஆற்றங்கரையில் பேசியதை மச்சானிடம் விரிவாகச் சொன்னேன். இங்குள்ள பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் உங்கள் இரண்டு வீட்டையும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள், உலக சமாதானத்துக்கே நீங்களும் செல்வராசுவும் உதாரணம் ஆகிவிட்டீர்கள் என்றேன். அந்தப் பக்கம் காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மச்சான் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அதெல்லாஞ் செரிங்க மாப்ள" என்றார். "செல்வராசு பேத்திக்கு எறங்குனதவிட நம்ம தன்யாவுக்குத்தான் எச்சா எறங்கியிருக்குது. அதச் சொன்னீங்களா அங்க?"